அறுபத்தோரு சதவீதத்தில் நின்ற குரல்

எனக்குப் பொறுமை கிடையாது. பால் பொங்கும்வரை அடுப்பருகில் நிற்க முடியாமல் நாலு தடவை அறைக்குப் போய்த் திரும்பி, கடைசியில் அது பொங்கி வழிந்த பிறகு வந்து சேர்கிற ஆள் நான். விளாத்திகுளத்து மானாவாரி நிலத்தில் பிறந்தவளுக்கு மழைக்குக் காத்திருந்தாவது பழகியிருக்க வேண்டும் என்று என் கணவர் கேலி செய்வார். காத்திருந்து காத்திருந்துதான் எங்கள் வீட்டில் இருந்த பொறுமையெல்லாம் தீர்ந்துபோனது என்று பதில் சொல்வேன். அவர் சரக்குக் கப்பலில் இரண்டாம் என்ஜினியர். எட்டு மாதம் கடலில், மூன்று மாதம் வீட்டில். இப்படிப்பட்ட ஒருவரை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் எங்கள் கடை. கீழே கடை, மேலே வீடு. கயிறு, தார்ப்பாய், லாரியில் சரக்கை இறுக்கிக் கட்டும் பட்டை, கொக்கி, படகுக்கு வேண்டிய நைலான் வடம், இவைதான் வியாபாரம். நடத்துபவர் என் மாமனார். மாமியார் என் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டார். நான் பகலில் ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் சரக்கு ஆவணங்கள் தட்டச்சு செய்கிறேன். சாயங்காலம் கடையின் கணினியில் பில் போடுகிறேன். அந்தக் கணினியும் உப்புக் காற்றில் துருப்பிடித்துப் பக்கவாட்டுத் தகடு பெயர்ந்து, பார்க்கவே பரிதாபமாக இருக்கும். ஆனால் ஓடும்.

மாமாவுக்கு ஒரு காலத்தில் இருந்த குரலைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். கல்லாவில் உட்கார்ந்தபடி சாலையின் எதிர்ப்பக்கம் லாரி மேல் நிற்பவனை அதட்டுவார். "ஏலே, தார்ப்பாய மடிக்கியா, முறுக்கு சுத்துதியா?" என்றால் மேலே நிற்பவனுக்கு மட்டுமல்ல, அந்த வரிசையில் இருக்கும் பத்துக் கடைக்கும் கேட்கும். எதிர் டீக்கடைக்கு அவர் ஆள் அனுப்பியதே இல்லை. இங்கிருந்து ஒரு சத்தம் போட்டால் அங்கே டீ ஆற்றத் தொடங்கிவிடுவார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு அந்தக் குரல் பிடிக்கவே இல்லை. என்னைத் திட்டுகிறாரா, யாரையோ திட்டுகிறாரா, சும்மா பேசுகிறாரா என்றே தெரியாது. மாடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பேன். கீழே அவர் பேசினால் கை நடுங்கும்.

என் மகள் வயிற்றில் இருந்தபோது மாமாவின் தொண்டையில் கட்டி வந்தது. மதுரையில் அறுவைச் சிகிச்சை. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. பேச்சு நின்றுபோனது. கழுத்தில் வைத்துப் பேசுவதற்கு ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். அதை ஒரே ஒருமுறை கடையில் வைத்துப் பேசிப் பார்த்தார். குளவி ரீங்காரம் மாதிரி ஒரு சத்தம் வந்தது. வாங்க வந்திருந்த ஒருவன் சிரித்துவிட்டான். வேண்டுமென்று சிரிக்கவில்லை, பாவம், அடக்க முடியவில்லை. மாமா அந்தக் கருவியைக் கொண்டுபோய்ப் பழைய கொக்கிகள் கிடக்கும் டப்பாவில் போட்டார். அதன் பிறகு குரல் என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

இப்போது அவருக்குப் பேச்சு என்பது இரண்டு விதம். ஒன்று, பேனாவும் துண்டுக் காகிதமும். இன்னொன்று, கயிறு அளக்கும் இரும்பு ஸ்கேல். மேசையில் ஒரு தட்டு தட்டினால் 'வா'. இரண்டு தட்டினால் 'வேண்டாம்'. படபடவென்று தட்டினால் யாரோ வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம். பள்ளிக்கூட வேன் மகளைக் கடையில் இறக்கிவிட்டுப் போகும். நான் வரும்வரை இரண்டு பேரும் தட்டித் தட்டியே பேசிக்கொண்டிருப்பார்கள். நாலு வயதுப் பிள்ளை ஒருநாள் என்னிடம் கேட்டாள், "அம்மா, தாத்தா சின்னப் பிள்ளையா இருக்கும்போதும் ஸ்கேல்லதான் பேசுவாவளா?"

நான் சிரித்துக்கொண்டே, "இல்ல, தாத்தாவுக்குப் பெரிய சத்தம் உண்டு" என்றேன்.

"எப்படி இருக்கும்? பேசிக் காட்டு."

பேசிக் காட்ட வாயைத் திறந்தேன். வரவில்லை. கணீரென்று இருக்கும் என்பது தெரியும். கடைசி எழுத்தை இழுப்பார் என்பது தெரியும். ஆனால் அந்தக் குரல் என் காதில் இல்லை. என்னை நடுங்கவைத்த குரல், ஐந்து வருஷத்தில் சுத்தமாக மறந்துபோயிருந்தது. எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட பதற்றத்தைச் சொல்லி முடியாது. வீட்டில் எதையோ தொலைத்துவிட்டு, அதைத் தொலைத்ததே இப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

எங்கள் கல்யாண வீடியோவில் மாமா பேசியிருக்கிறார். அது எனக்கு நிச்சயம். வீட்டிலிருந்த டிவிடி பூஞ்சை பிடித்து உரிந்துவிட்டது. எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோ மூடிப் பல காலமாயிற்று. மிச்சம் இருந்த ஒரே பிரதி என் கணவரின் ஹார்டு டிஸ்கில் இருந்தது. அந்த டிஸ்க் அவரோடு கப்பலில் இருந்தது.

"அந்த இடத்த மட்டும் வெட்டி அனுப்புங்களேன்" என்றேன் போனில்.

மறுமுறை கூப்பிட்டபோது சொன்னார்: "போட்டுப் பாத்தேன்ளா. மண்டபத்து வாசல்ல அப்பா நிக்காவ. சத்தம் வாரதுக்கு முன்னாலயே அணைச்சிட்டேன். என்னால முடியாது. முழுசா அனுப்புதேன், நீயே தேடிக்க."

முழுசாக என்றால் மூன்று மணி நேரம், ஒன்பது ஜிபி. கப்பலில் இருப்பவர்களுக்குத் துறைமுகத்தில்தான் இணையம். எங்காவது ஏற்றிவைக்கப் பார்த்தால் பாதியில் அறுந்துபோகும், மறுபடி முதலிலிருந்து. அதனால் அவர் டாரண்ட் போட்டார். கோப்பைச் சின்னச் சின்னத் துண்டுகளாக ஆக்கி, எந்தத் துண்டு எப்போது கிடைக்கிறதோ அதை வாங்கி வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. இன்றைக்குப் பத்துத் துண்டு, அடுத்த மாதம் இருபது துண்டு என்று வந்தாலும் வந்தது வந்ததுதான். ஆனால் கொடுப்பவர் இணையத்தில் இருக்கிற அதே நேரத்தில் வாங்குபவரும் இருக்க வேண்டும். உலகத்திலேயே அந்தக் கோப்பைக் கொடுக்க ஒருவர், வாங்க ஒருத்தி. அதிலும் அந்த ஒருவர் எப்போது எந்தத் துறைமுகத்தில் இருப்பார் என்று அவருக்கே தெரியாது.

முதல் பத்து நாள் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. அந்த டாரண்ட் மென்பொருளைக் கைப்பேசி வழியாகவும் திறந்து பார்க்கும் வசதி உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை பார்ப்பேன். 3.1 சதவீதம். மறுபடி பார்ப்பேன். 3.1. ஒரு கொள்கலன் எண்ணில் ஆறுக்குப் பதில் ஒன்பது அடித்துவிட்டு, மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நான் பார்க்காவிட்டால் அது நகராது என்பது மாதிரி ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எனக்குப் பதிலாக வேறு யாராவது பார்த்தால் தேவலை என்று தோன்றியது. அப்படித்தான் பைதானில் ஒரு சின்ன நிரல் எழுத உட்கார்ந்தேன்.

அலுவலகத்தில் எக்ஸெல் வேலைகளுக்காகக் கொஞ்சம் பைதான் கற்றிருந்தேன். முதல் வடிவம் முப்பது வரிகூட இல்லை. நிமிஷத்துக்கு ஒருமுறை டாரண்ட் மென்பொருளிடம், 'கொடுக்கிற ஆள் வந்தாச்சா?' என்று கேட்கும். வந்திருந்தால் மகளுக்காக இறங்கிக்கொண்டிருக்கும் கார்ட்டூன்களையெல்லாம் நிறுத்தி, முழு வேகத்தையும் இதற்குக் கொடுத்து, என் கைப்பேசிக்கு 'ஆள் வந்தாச்சு' என்று செய்தி அனுப்பும். அதன் பிறகு முதன்முறை அவர் சிங்கப்பூரில் இணையத்துக்கு வந்தபோது நிமிஷத்துக்கு ஒரு 'ஆள் வந்தாச்சு' வீதம் எழுபது செய்தி வந்தது. நான் அப்போது மேலாளர் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "யாரும்மா அந்த ஆளு?" என்று கேட்டுவிட்டார்.

அதைத் திருத்தினேன். அடுத்து செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். இணையத்தில் யாரோ எழுதியிருந்த நிரலிலிருந்து ஒரு பகுதியை அப்படியே எடுத்து ஒட்டினேன். அதில் ஒரு விதி இருந்தது: மூன்று நாள் அசையாமல் கிடக்கும் டாரண்டை, இறங்கிய துண்டுகளோடு சேர்த்து அழித்துவிடு. எழுதியவர் வீட்டில் யாரும் கப்பலில் வேலை பார்த்திருக்க மாட்டார்கள். முப்பத்தெட்டு சதவீதம் வரை வந்திருந்தது. ஒரு திங்கட்கிழமை காலை திறந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. என் பொறுமைக்கு எத்தனை நாள் கெடுவோ அத்தனை நாள் கெடுவை நிரலுக்கும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை. கணவரிடம் சொன்னபோது அவர் திட்டவில்லை; "சரி, மறுபடி மொதல்லேர்ந்து" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவது சிக்கல் மாமா. இந்தச் சாலையில் ஒரு பழக்கம் உண்டு. வெகு காலம் முன்பு மின்கசிவில் ஒரு கயிற்றுக் கடை எரிந்து சாம்பலானதிலிருந்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் யாரும் கடையைப் பூட்ட மாட்டார்கள். சாயங்காலம் எட்டரைக்கு மாமா எல்லாவற்றையும் எடுத்து வைப்பார், மெயினை இறக்குவார், ஷட்டரை இழுத்துப் பூட்டித் தொட்டுக் கும்பிடுவார். கணினி, மோடம் எல்லாம் செத்துவிடும். காலை எட்டுக்கு மெயினை ஏற்றினால்தான் உயிர். இதற்கிடையில் கணவர் ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து, "ஏளா, ஆறு மணி நேரம் தொறந்து வச்சிருந்தேன். உன் மிஷின் எங்க போச்சு?" என்று கேட்பார். மெயினை ஏற்றியே வைக்கலாமா என்று மாமாவிடம் கேட்டேன். இரண்டு தட்டு. மறுநாளும் கேட்டேன். மறுபடி இரண்டு தட்டு, கொஞ்சம் பலமாக.

கேட்டு ஆகாது என்று தெரிந்ததும், குறைந்தபட்சம் காலையில் ஒரு நொடிகூட வீணாகக் கூடாது என்று கணினிக்குள் போய் ஒரு அமைப்பை மாற்றினேன். மின்சாரம் வந்ததும், யாரும் பொத்தானை அழுத்தாமலே, அது தானாக எழுந்துகொள்ள வேண்டும். எழுந்ததும் டாரண்ட் தானாக ஓட வேண்டும், என் நிரலும் தானாக ஓட வேண்டும். செய்து முடித்ததும் அதைப் பற்றி மறந்தும் போனேன்.

இப்படியாக நாலு துறைமுகங்களில் சேர்த்துச் சேர்த்து 61.4 வந்தது. அங்கேயே நின்றது. நிரல் எனக்குப் பதில் காவல் இருக்கிறது, நான் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் எழுதினேன். நடந்தது என்னவென்றால், நிரல் சரியாகக் காவல் இருக்கிறதா என்று நான் காவல் இருந்தேன். அது எழுதிவைக்கும் குறிப்பைத் திறந்து பார்ப்பேன். 'ஆள் இல்லை. ஆள் இல்லை. ஆள் இல்லை.' பக்கம் பக்கமாக அதுதான்.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் அந்த அறுபத்தோரு சதவீதத்தையே ஓடவிட்டுப் பார்த்தேன். படம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நான் நகையும் மாலையுமாக நிற்கிறேன். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்து வருகிறார். முகம் சிவந்திருக்கிறது. ஒரு கை என்னைச் சுட்டிக்காட்டுகிறது. வாய் திறந்து திறந்து மூடுகிறது. சத்தம் மட்டும் இல்லை. அந்தத் துண்டுகள் இன்னும் வந்து சேரவில்லை. அந்த நிமிஷம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. கல்யாணத்தன்று எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டி ஏதோ கத்தினார். நான் அழுதுவிட்டேன். என்ன தப்புச் செய்தேன் என்று யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பயம்தான் அதன்பின் வருஷக்கணக்காகப் பாத்திரம் கழுவும்போது என் கையை நடுங்கவைத்தது. இந்த வீடியோவைக் கேட்காமலே இருந்திருக்கலாமோ என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் வேண்டும். திட்டாக இருந்தாலும் அந்தக் குரல் வேண்டும்.

ஆயுத பூஜை அன்று காலை கணவரிடமிருந்து செய்தி வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போடுகிறார்கள். எண்ணெய் நிரப்ப ஆறு மணி நேரம். இலங்கை சிம் கையில் இருக்கிறது. 'மிஷினை ஓடவிடு. இதை விட்டா நாப்பது நாளு தண்ணிதான்.'

கொழும்பு எங்களுக்குக் கூப்பிடு தூரம். மாமாவின் பழைய குரலுக்கு எட்டிவிடும் என்று சொல்லிச் சிரித்திருக்கிறோம். நான் கடைக்குள் ஓடினேன். மாமா எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். தராசு, கத்தரி, வடம் வெட்டும் கத்தி, பில் புத்தகம், பேனாக்கள், இரும்பு ஸ்கேல். கடைசியில் கணினிக்கு நேராகக் கையைக் காட்டி, அணைக்கச் சொன்னார்.

"மாமா, இன்னைக்கு ஒரு நாள் அத மட்டும் விட்டுருங்க. உங்க மகன் ஒரு பைல் அனுப்புறாவ. சாயங்காலந்தான் வரும்."

பேனாவை எடுத்து எழுதினார். 'அதுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா?'

"நாளைக்கு அவுக கடலுக்குப் போயிருவாவ மாமா."

'நாற்பது நாள் கழித்து அனுப்பட்டும்.'

அந்தக் கோப்பில் என்ன இருக்கிறது என்று சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பார். வாய் வரை வந்தது. கொக்கி டப்பாவில் கிடக்கும் கருவி நினைவுக்கு வந்தது, சொல்லவில்லை. பொத்தானை ஆத்திரத்தோடு அழுத்தி அணைத்தேன். அவர் சந்தனத்தைக் குழைத்து, திரைக்கு மேலே மூன்று பொட்டு, பெட்டிக்கு மூன்று பொட்டு, குங்குமம், விசைப்பலகை மேல் ஒரு முழம் பூ என்று நிதானமாக வைத்தார். அவருடைய நிதானத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிந்தது. நாலு மணி ஆனதும் மாடிக்குப் போய்க் கைப்பேசியிலேயே இறக்கிப் பார்க்கலாம் என்று முயன்றேன். முதலிலிருந்து தொடங்கி, மூன்று சதவீதத்தில் 'இடம் இல்லை' என்று சொல்லிவிட்டது.

ஐந்து மணிக்குப் பூஜை. முன்பெல்லாம் மாமா குரலெடுத்துப் பாடுவார். இப்போது மணி மட்டும் அடிப்பார். வாசலில் வாழைக்கன்று, ஷட்டர் முழுக்க சீரியல் விளக்கு, தட்டில் பொரி, கடலை, அவல். பூசணிக்காயை நடுச்சாலையில் உடைத்துவிட்டு வந்து கடைக்குள் உட்கார்ந்தார். பூஜையில் வைத்த எதையும் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக் கூடாது. அது எனக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் அன்றைக்குத்தான் ஒன்றைக் கவனித்தேன். மாமாவின் பேனாவும் பூஜையில் இருந்தது, ஸ்கேலும் பூஜையில் இருந்தது. வருஷத்தில் அந்த ஒரு ராத்திரி அவருக்குப் பேச எதுவுமே கிடையாது. ஐந்து வருஷமாக இது நடந்திருக்கிறது. நான் கவனித்ததே இல்லை. என் மேலேயே எனக்கு வெறுப்பாக வந்தது.

ஆறு மணி சுமாருக்குக் கடற்பக்கம் இடி இடித்தது. காற்று கிளம்பிய உடனே மின்சாரம் போயிற்று. அன்றைக்கு மட்டும் மெயினை இறக்கும் பழக்கம் இல்லை. விளக்குகள் விடிய விடிய எரிய வேண்டும். குத்துவிளக்கு வெளிச்சத்தில் மகள் பொரியைப் பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள். நான் உள்ளே, வாசல், உள்ளே, வாசல் என்று நடந்துகொண்டிருந்தேன். இருபது நிமிஷம் கழித்து மின்சாரம் வந்தது. சீரியல் விளக்குகள் எரிந்தன. மின்விசிறி சுற்றியது. அதோடு இன்னொன்றும் சுற்றியது.

கணினி ஒரு தடவை 'பீப்' என்றது. சந்தனப் பொட்டுகளுக்குக் கீழே திரை வெளிச்சமானது. பூவும் பொட்டுமாக அது தானாக எழுந்து, தானாக டாரண்டைத் திறந்தது. என் கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது: 'ஆள் வந்தாச்சு.'

மாமா எழுந்துவிட்டார். என்னைப் பார்த்த பார்வையில், 'நீயா?' என்ற கேள்வி அப்படியே இருந்தது.

"சத்தியமா நான் தொடல மாமா. கரண்ட் வந்தா தானா எந்திரிக்கிற மாதிரி முன்னாலயே வச்சிருந்தேன். மறந்துட்டேன்."

விறுவிறுவென்று போய்ப் பொத்தானுக்கு நேராக விரலை நீட்டினார். விரல் பொத்தானுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. பொத்தானை ஒட்டி ஒரு சந்தனப் பொட்டு இருந்தது, அவரே வைத்தது. தொடக் கூடாது. இயக்கத் தொடக் கூடாது என்றால் அணைக்கவும் தொடக் கூடாது. மெயினைப் பார்த்தார். அதை இறக்கினால் எல்லா விளக்கும் அணையும். கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கணினிக்கும் எனக்கும் நடுவில், அதற்குக் காவல் மாதிரி உட்கார்ந்துகொண்டார். நானும் தொடக் கூடாது என்பது அதன் பொருள்.

64.0. 66.7. பத்து நிமிஷத்தில் யாரும் மவுஸைத் தொடாததால் திரை தானாக இருண்டுவிட்டது. உள்ளே விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கைப்பேசியில் திறந்து பார்க்கலாம் என்று எடுத்தேன். மாமா திரும்பி என்னைப் பார்த்தார். குப்புற வைத்துவிட்டேன். நிரல் இனி எனக்கு ஒரே ஒரு செய்திதான் அனுப்பும், முழுதும் முடிந்தால். அதுவரை ஒன்றும் தெரியாது. என் வாழ்க்கையில் நான் அப்படிக் காத்திருந்ததில்லை. தார்ப்பாய்க் கட்டுகளை எண்ணினேன். வாசலைப் பெருக்கினேன். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்கினேன்.

மாமா என் நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏழு மணி தாண்டியதும் தாடையால் கணினியைக் காட்டி, உள்ளங்கையை விரித்தார். அதில் அப்படி என்ன இருக்கிறது?

இனிமேலும் மறைக்க என்னால் முடியவில்லை. "எங்க கல்யாண வீடியோ மாமா. அதுல நீங்க பேசுறிய. பிள்ளைக்குக் கேக்கணும்ங்கா. எனக்கு... எனக்கு உங்க சத்தம் மறந்துபோச்சு மாமா."

அவரிடம் பேனா இல்லை, ஸ்கேல் இல்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் முக்காலியைத் திருப்பிப் போட்டு, இருண்ட திரைக்கு எதிரே உட்கார்ந்தார். மகள் அவர் மடியில் ஏறிக்கொண்டாள். எட்டு மணி தாண்டிச் சற்று நேரத்தில் கைப்பேசி ஒரு தடவை அதிர்ந்தது. 'முடிஞ்சது.' அதை அவர் முகத்துக்கு நேராகக் காட்டினேன். தலையை அசைத்தார். அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை முடிந்ததும் மாமா திரையிலிருந்த சந்தனத்தை ஈரத்துணியால் துடைத்தார். பொத்தானுக்கு வேலையில்லை, கணினி ராத்திரி முழுக்க விழித்துத்தான் இருந்தது. நான் வீடியோவைத் திறந்து, சாப்பாட்டுக் கூடத்து வாசலுக்கு ஓட்டினேன். மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். முகம் சிவந்திருந்தது. கை என்னைச் சுட்டியது. வாய் திறந்தது.

"ஏலே, கேமராவ அணைலே! போட்டோ புடிச்சதெல்லாம் போதும். அந்தப் பிள்ள காலையிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல, மயங்கி விழப்போகுது. மசமசன்னு நிக்கான் பாரு! மொதல்ல அதுக்கு எலயப் போடுங்கலே!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கல்யாணத்தன்று அழுததற்கும் சேர்த்து அழுதேன். மகள் ஒருமுறை திரையைப் பார்த்தாள், ஒருமுறை தாத்தாவைப் பார்த்தாள்.

மாமா மேசைக்குப் போனார். விஜயதசமியன்று முதல் எழுத்து நல்ல எழுத்தாக இருக்க வேண்டும் என்பார். புதுக் காகிதத்தில் பிள்ளையார் சுழி போட்டார். அதன் கீழே ஒரு வரி எழுதி என்னிடம் நீட்டினார்.

'சத்தத்தைக் கூட்டு.'

கூட்டினேன். முழுதாகக் கூட்டினேன். மறுபடி போட்டேன். "ஏலே, கேமராவ அணைலே!" என்ற குரல் ஷட்டரைத் தாண்டிச் சாலைக்குப் போயிற்று. எதிர் டீக்கடைக்காரர் கையில் டீ ஆற்றும் குவளையோடு ஓடிவந்து வாசலில் நின்றார்.

"அண்ணாச்சி சத்தம்லா கேட்டுச்சு?" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"ஆமா, தாத்தாதான் பேசுனாவ" என்றாள் மகள்.

மாமா இரும்பு ஸ்கேலை எடுத்து மேசையில் ஒரு தட்டு தட்டினார். டீக்கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் மறுபடி முதலிலிருந்து போட்டேன்.